வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் பதிவு செய்ய எந்த மைக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கும் நண்பர்கள், அவர்களின் தம்பிகள், அந்தத் தம்பிகளின் கல்லூரித் தோழர்கள் என்று யாராவது ஒருவர் மாதம் தவறாமல் இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பத்து நிமிடக் குரல் செய்தி அனுப்பி அலுத்துப்போய்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் ஸ்டூடியோவில் வேலை செய்கிற ஆள் இல்லை. சென்னையில் ஒரு வாடகை வீட்டில், பத்துக்குப் பத்து அறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்து ஏழெட்டு வருடமாகப் பதிவு செய்கிறேன். தெரிந்ததில் முக்கால்வாசி அங்கே தப்புத் தப்பாகச் செய்து தெரிந்துகொண்டதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

ஆடியோ-டெக்னிகா ஏடி2020. இல்லையென்றால் ஏகேஜி பி170. இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. இரண்டும் கண்டென்சர் மைக்குகள், இரண்டும் முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவும் எடுக்கும் கார்டியாய்டு வகை. இவ்வளவு போதும் என்கிறவர்கள் இப்போதே கடைக்குப் போகலாம். ஆனால் மைக்கை எங்கே வைப்பது, அறையை என்ன செய்வது என்று கீழே எழுதியிருப்பதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் இந்த விலையில் ஒரு மைக்குக்கும் இன்னொரு மைக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தால் வரும் வித்தியாசம் பெரிது.

போனிலேயே பதிவு செய்தால் போதாதா?

முதல் ஒரு வாரத்துக்குப் போதும், சொல்லப்போனால் அந்த ஒரு வாரம் போனில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பேன். போனை ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி நிறுத்தி வைத்து, ஒரே பாட்டை அறையின் நாலு இடங்களில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் எந்த மூலையில் கிட்டார் நன்றாக ஒலிக்கிறது, எந்த மூலையில் குடத்துக்குள் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும். போனின் பிரச்சினை மைக்கைவிட அதிலுள்ள மென்பொருள்தான். பல போன்களில் சத்தம் கூடினால் அதுவே குறைத்துவிடும், குறைந்தால் அதுவே ஏற்றிவிடும். நீங்கள் மெல்ல வாசித்த இடத்துக்கும் ஓங்கி அடித்த இடத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் தட்டையாகிவிடும், தந்தி அடங்கும்போது பின்னாலிருந்து ஃபேன் சத்தம் எழுந்து வரும். சில ரெக்கார்டிங் ஆப்களில் இந்தத் தானியங்கி வேலையை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

டைனமிக், கண்டென்சர் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வின் பின்னால் கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும், அது காந்தத்துக்கு நடுவே ஆடி மின்சாரம் உண்டாக்கும். அந்தச் சுருளின் எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் நுணுக்கமான உயர் ஒலிகளுக்கு அது சட்டென்று அசைந்து கொடுக்காது. கண்டென்சரில் சுமை ஏதும் இல்லை. ஒரு சவ்வு, எதிரே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறுவதே ஒலியாகிறது. விரல் தந்தியைத் தொடுகிற அந்தச் சின்ன ஓசை, பிக் உரசுவது, தந்தியின் பளபளப்பு எல்லாம் இதில் நன்றாக வரும். இது வேலை செய்ய, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போக வேண்டும், '48வி' என்று ஒரு பொத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் கண்டென்சர் என்றால் பணக்காரப் பொருள். 1962-ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் மின்னூட்டத்தைத் தன்னிடமே நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் எலெக்ட்ரெட் மெல்லேட்டை வைத்து மைக் செய்து காட்டினார்கள். டேப் ரெக்கார்டரிலும் தொலைபேசியிலும் குட்டி மைக்குகள் புகுந்தது அதனால்தான். நம் ஏடி2020-ம் அந்த வம்சமே, மின்னூட்டம் ஏற்றி வைத்த தகடுதான் உள்ளே இருக்கிறது.

அப்படியானால் ஷூர் எஸ்எம்57 வேண்டாமா? எல்லா ஸ்டூடியோவிலும் இருக்கிறதே.

இருக்கிறது, 1965-லிருந்து இருக்கிறது, சுவரில் ஆணி அடிக்கலாம் என்கிற அளவுக்கு உறுதி. கிட்டார் ஆம்ப், டிரம்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அது இரண்டாம்பட்சம்தான். ஓங்கி ஸ்ட்ரம் செய்து, கூடவே டிரம்ஸும் பேஸும் ஓடுகிற பாட்டில் கிட்டார் கொஞ்சம் மட்டமாக ஒலித்தால்கூட நன்றாக உட்காரும், அங்கே அது சரி. தனியாக விரலால் வாசிக்கும்போது மேலே போர்வை போர்த்தியதுபோல இருக்கும்.

இன்னொரு சிக்கல். ஏடி2020-ன் வெளியீட்டைவிட எஸ்எம்57-ன் வெளியீடு ஏறக்குறைய 19 டெசிபல் குறைவு. மலிவு இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் குமிழை, கடைசி வரை திருகினால் கிட்டாரோடு சேர்ந்து இன்டர்ஃபேஸின் 'ஸ்ஸ்' சத்தமும் வந்துவிடும். ஏற்கெனவே கையில் இருக்கிறதென்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், இதே விலைக்குக் கண்டென்சர் கிடைக்கும்போது எதற்கு?

எங்கள் வீடு மெயின் ரோட்டில். டைனமிக் மைக் வாங்கினால் வெளிச்சத்தம் வராதாமே?

இந்த ஒரு நம்பிக்கையை ஒழித்துவிட்டால் எனக்குப் பாதி வேலை குறையும்.

மைக்குக்கு எது கிட்டார், எது ஆட்டோ என்று தெரியாது. உங்கள் கிட்டார் மைக்குக்கு வந்து சேரும் அளவுக்கும் ஆட்டோ சத்தம் வந்து சேரும் அளவுக்கும் ஒரு விகிதம் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது தூரமும் மைக்கின் திசையும் மட்டும்தான். டைனமிக் மைக் இரண்டையுமே குறைவாக எடுக்கிறது. பிறகு கிட்டார் கேட்கவில்லையே என்று நீங்கள் கெயினை ஏற்றுகிறீர்கள், ஆட்டோவும் கூடவே ஏறி வந்துவிடுகிறது. ஒரே தூரத்தில், ஒரே கார்டியாய்டு வகையில் ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்சரையும் வைத்து, கிட்டார் ஒரே அளவில் கேட்கும்படி சரிசெய்துவிட்டுப் பாருங்கள், வெளிச்சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். மேடையில் பாடகர்கள் டைனமிக் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பதால்தான் அது வெளிச்சத்தத்தை 'வெட்டுவது'போல் தோன்றுகிறது. வெட்டியது மைக் இல்லை, நெருக்கம்.

ஆக வெளிச்சத்தம் குறைய வேண்டுமென்றால் மைக்கைக் கிட்டாருக்கு நெருக்குங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் கிட்டார் சுமார் 6 டெசிபல் கூடும், ஆட்டோ கூடாது. அடுத்து, கார்டியாய்டு மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். நேர் பின்னால் வருகிற சத்தத்துக்குத்தான் அது கிட்டத்தட்டச் செவிடு, பக்கவாட்டில் ஓரளவு கேட்கும். ஜன்னலைப் பார்த்து நீங்கள் உட்கார்ந்தால் உங்களைப் பார்க்கிற மைக்கின் முதுகு தானாகவே ஜன்னலைப் பார்க்கும். மீதிக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் வாசியுங்கள், வேறு வழியில்லை.

பெரிய டயாஃப்ரமா, சின்ன டயாஃப்ரமா?

டயாஃப்ரம் என்பது மேலே சொன்ன அந்தச் சவ்வுதான். பென்சில்போல ஒல்லியாக இருப்பது சின்னது, ஏகேஜி பி170, ரோடு எம்5, பெரிங்கர் சி-2 எல்லாம் அந்த வகை. உருண்டையாக வலைத்தலையோடு இருப்பது பெரியது, ரோடு என்டி1-போல. ஏடி2020 பார்க்கப் பெரியதுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் சவ்வு நடுத்தரம்தான். சின்ன டயாஃப்ரம் மைக்கில் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியும் நிறம் மாறாமல் வரும், கிட்டார்போல உடம்பு முழுக்க ஒலிக்கும் கருவிக்கு அது நல்லது, வாசிக்கும்போது நீங்கள் கொஞ்சம் அசைந்தாலும் பெரிதாகத் தெரியாது. பெரியதில் மைக்கின் சொந்த இரைச்சல் குறைவு, பாடவும் ஒத்துவரும். கிட்டார் மட்டும் என்றால் சின்னது, பாட்டும் உண்டு என்றால் பெரியது. இதற்குமேல் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பென்சில் வகையின் முகம் நுனியில், ஏடி2020 போன்றவற்றின் முகம் பக்கவாட்டில், லோகோ இருக்கும் பக்கம். என்டி1-ல் ஒரு பொன்நிறப் புள்ளி இருக்கும், அந்தப் பக்கம். இதைப் படிக்காமல் மூன்று வாரம் மைக்கின் முதுகுக்கு வாசித்துவிட்டு 'இந்த மைக் டப்பா' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

செல்ஃப் நாய்ஸ் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டுமா?

மைக் சும்மா இருக்கும்போதே அதற்குள் எழும் இரைச்சல்தான் அது. ஏடி2020-க்கு 20 டெசிபல், அதன் அண்ணன் ஏடி2035-க்கு 12, ரோடு என்டி1-க்கு நாலைந்துதான். எண் குறைந்தால் நல்லது. ஆனால் உங்கள் அறையின் அமைதி எவ்வளவு? நடு இரவில், ஃபேனை நிறுத்திய, ஜன்னல் சாத்திய படுக்கையறையிலேயே 30 டெசிபல் இருக்கும். 30 டெசிபல் அறையில் 20 டெசிபல் மைக்கின் இரைச்சல் மூழ்கிப்போகும். அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதுபோல.

விதிவிலக்கு உண்டு. நைலான் தந்தி கிட்டாரை நகம் படாமல் விரல் நுனியால் மெல்ல வாசிக்கிறவர், அறையும் உண்மையிலேயே அமைதி, மைக்கையும் கொஞ்சம் தள்ளி வைக்க ஆசை என்றால் ஏடி2035 அல்லது என்டி1 பக்கம் போகலாம். அப்போது அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

யூஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். கிட்டார் மட்டும், ஒரே மைக், வேறு எதையும் சேர்க்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஏடி2020-ன் யூஎஸ்பி வடிவம் போதும். ஆனால் ஆறு மாதத்தில் எல்லோருக்கும் இரண்டாவது மைக் ஆசை வரும், அல்லது கிட்டாரில் உள்ள பிக்கப்பையும் சேர்த்துப் பதிவு செய்யத் தோன்றும். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒன்றாக ஓட்டுவது வேண்டாத தலைவலி. யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (இன்டர்ஃபேஸுக்குப் போகும் மூன்று முள் மைக் கேபிள்) என்று இரண்டு வகையிலும் சொருகக்கூடிய மைக்குகளும் இருக்கின்றன. சாம்சன் கியூ2யூ அப்படி ஒன்று, ஆனால் அது டைனமிக். 2023-ல் வந்த ரோடு என்டி1 ஐந்தாம் தலைமுறை கண்டென்சர், அதில் யூஎஸ்பியும் உண்டு, எக்ஸ்எல்ஆரும் உண்டு, என்ன, விலைதான் இந்தப் பக்கத்தின் 'மலிவு' என்கிற சொல்லுக்குள் அடங்காது.

கையில் இருபதாயிரம் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

மைக்குக்குப் பாதிக்குமேல் போகக் கூடாது. எட்டு, ஒன்பதாயிரம் மைக்குக்கு. ஏழெட்டாயிரம் இன்டர்ஃபேஸுக்கு. மீதியில் ஸ்டாண்டு, கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும், அதனால் இது ஒரு கணக்குக்குத்தான்.

இன்டர்ஃபேஸில் முடிந்தால் இரண்டு மைக் சொருகும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக்குக்கு ஒரே வழிதான், அதன் 2ஐ2-ல் இரண்டு. பெரிங்கர் யூஎம்சி202எச்டி-யிலும் இரண்டு, விலையும் குறைவு. ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். குறுக்குக் கை உள்ள பூம் ஸ்டாண்டு, கனமான அடிப்பகுதி. லேசான ஸ்டாண்டு மெல்ல மெல்லத் தலை கவிழும், நாலாவது நிமிடம் போய்ப் பார்த்தால் மைக் உங்கள் முழங்காலைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கண்டென்சர் கிட் வருகிறதே, பிஎம்-800 என்று?

பெரிய மைக்கின் சட்டையைப் போட்ட சின்ன மைக் அது. திறந்து பார்த்தால் பலவற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு எலெக்ட்ரெட் கேப்சூல்தான் இருக்கும். கூடவே தரும் கேபிளைக் கணினியின் ஹெட்செட் துளையில் சொருகினால் இரைச்சல்தான் பிரதானமாகக் கேட்கும். சரியான இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் கொடுத்து ஓட்டினால் பரவாயில்லை ரகம். இதில் காசு போடுவதற்குப் பதில் போனிலேயே இன்னும் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, சேர்த்து வைத்து வாங்குங்கள்.

சரி, மைக் வந்துவிட்டது. எங்கே வைப்பது?

இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

பெரிய வட்டத் துளையிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று நினைத்து எல்லோரும் முதலில் அதற்கு நேரே வைப்பார்கள். வைத்துக் கேட்டால் 'பூம் பூம்' என்று பானையைத் தட்டுவதுபோல் இருக்கும். காரணம், அந்தத் துளைக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக அதிர்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதே சங்கதி. போதாக்குறைக்கு, கார்டியாய்டு மைக்கை எதற்கும் மிக நெருக்கி வைத்தால் அதன் இயல்பே கீழ் ஒலிகளைத் தூக்கிக் காட்டுவது. இரண்டும் சேர்ந்தால் கிட்டார் கடம் ஆகிவிடும்.

தொடங்க வேண்டிய இடம் கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் பகுதி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து பதினாலாவது ஃப்ரெட் வரை. அதற்கு நேரே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, 25 முதல் 30 செ.மீ. தள்ளி மைக்கை வையுங்கள். உங்கள் கையை விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்தால் ஒரு சாண், டேப் தேட வேண்டாம். மைக்கின் முகத்தைத் துளையின் பக்கம் மிக லேசாகத் திருப்புங்கள். இங்கிருந்து தந்தியின் தெளிவும் உடலின் கனமும் ஓரளவு சமமாக வரும்.

இனி ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே நகர்த்துங்கள். கிட்டாரின் ஒலி மெலிந்து கம்பிபோல் இருக்கிறதா, துளைப் பக்கம் இரண்டு விரல் அகலம் நகர்த்துங்கள். இன்னும் பூம் பூம் என்கிறதா, ஹெட்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள் அல்லது அரைச்சாண் பின்னால் இழுங்கள். இடது கை விரல் தந்தியில் வழுக்கும் 'க்ரீச்' ஓசை காதைக் குத்துகிறதா, மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கிட்டாரின் வயிற்றுப் பக்கம் பார்க்க வையுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், கீழ் வளைவை நோக்கி வைத்தால் மரத்தின் நிறம் அதிகமாக வரும், கொஞ்சம் மந்தம், ஆனால் ஸ்ட்ரம் செய்யும் பிக் சத்தம் அடங்கும். இன்னொரு இடம் உங்கள் வலது தோளுக்குமேல், காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே பார்க்கிற மாதிரி. வாசிக்கிறவருக்குத் தன் கிட்டார் எப்படிக் கேட்குமோ அப்படி வரும். மூச்சு சத்தமும் வரும், சளி பிடித்திருந்தால் வேண்டாம்.

ஒவ்வொரு இடத்திலும் பதிவு செய்யும்போது 'இடம் ஒன்று, ஒன்றரைச் சாண்' என்று வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள். மறுநாள் காலையில் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவு பன்னிரண்டு மணிக் காதை நம்பக் கூடாது.

அறை எதிரொலிக்கிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டை அழகையும் கெடுக்கும், வீட்டுக்காரரையும் கோபப்படுத்தும், சத்தத்துக்கு உருப்படியாக எதுவும் செய்யாது. ஒரு அங்குல ஃபோமும் உயர் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும், அறை மூக்கடைத்ததுபோல் ஆகிவிடும்.

நம் வீடுகளின் பிரச்சினை டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர், எல்லாமே கடினம். அறை நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள், 'ட்ர்ர்ர்' என்று எதிரெதிர் சுவர்களுக்கிடையில் பந்தாடும் ஓசை கேட்கும். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைத் தூக்கி உங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். மைக் பார்க்கிற திசை அதுதான், அந்தச் சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் அது அதிகம் எடுக்கும். துணி அடைத்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தால் அதுவும் ஒரு நல்ல உறிஞ்சி, ஆனால் இரும்பு பீரோ என்றால் முதலில் அதன் கைப்பிடியைச் சோதியுங்கள். எங்கள் வீட்டு பீரோ கிட்டாரின் ஐந்தாவது தந்தியைத் திறந்து மீட்டினால் மட்டும் கூடவே ஒரு 'ஞ்ஞ்ஞ்' பாடும். இரண்டு மாதம் அது மைக்கின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தரைக்குக் கெட்டியான ஜமுக்காளம். மூலையில் உட்காராதீர்கள், சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள், அறையின் சரிநடுவும் வேண்டாம். நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள்.

ஃபேனை நிறுத்த முடியாது, சென்னையில் மே மாதம். என்ன செய்ய?

நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஃபேன் சத்தம் மட்டுமில்லை, அந்தக் காற்றே மைக் தலையில் மோதி 'புர்ர்' என்று பதிவாகும். ஒரு டேக் நாலு நிமிடம், டேக்குக்கு டேக் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், துண்டு பக்கத்தில் இருக்கட்டும். மென்பொருளில் இரைச்சலை நீக்கிக்கொள்ளலாம் என்று ஓட விட்டால், அது இரைச்சலோடு சேர்த்துத் தந்தியின் வால் ஓசையையும் தின்றுவிடும், ஒவ்வொரு ஸ்வரமும் தண்ணீருக்குள் முடிவதுபோல் இருக்கும். தாங்கக்கூடிய ஒன்று உண்டு. கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, அதனால் 70-க்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் லாரி உறுமல் போன்றவை குறையும், கிட்டாருக்கு நஷ்டம் இல்லை. மைக்கிலேயே அந்தப் பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த நேரம் கரண்ட் போகும் நேரம். லேப்டாப் பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தெருவில் ஃபேன் இல்லை, ஏசி இல்லை, டிவி இல்லை. பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த கடை மட்டும் இருக்கக் கூடாது.

'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் பதிவாகிறது. மைக் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீரும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் இரட்டிப்பான 100-ம் ஏதாவது வழியில் உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் முள்ளை மட்டும் ஒடித்துவிட்டு ஓட்டும் வித்தைக்குப் போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து. மைக் கேபிளைச் சார்ஜர் வயரோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவாக எடுத்தால்தான் நன்றாக இருக்குமா?

தனியாக ஒரு கிட்டார் மட்டும் ஒலிக்கும் பாட்டுக்கு அகலமாக, அழகாக இருக்கும். பாடகருக்குப் பின்னால் வாசிப்பதற்குத் தேவையே இல்லை. பெரிங்கர் சி-2 ஜோடியாகவே விற்கிறார்கள், இரண்டும் சேர்த்தே ஒரு ஏடி2020-ஐவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. கொஞ்சம் இரைச்சல் உண்டு, உயர் ஒலி லேசாகக் கூசும், ஆனால் ஸ்டீரியோ பழக அதைவிட மலிவான வழி கிடையாது.

இரண்டு மைக் என்றால் உடனே ஒரு வம்பு வரும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லி நொடிக்கு 34 செ.மீ., ஒன்றரைச் சாண். ஒரு மைக் மற்றதைவிட அவ்வளவு தூரம் தள்ளி இருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். கிட்டார் குழாய்க்குள் போனதுபோல் ஆகும். இதைத் தவிர்க்கச் சுலபமான வழி, இரண்டு பென்சில் மைக்கின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, தொண்ணூறு டிகிரிக்கு குறுக்காக வைப்பது. இதற்கு எக்ஸ்-ஒய் என்று பெயர். தூரம் ஒன்றே என்பதால் சண்டை இல்லை. வேறு எப்படி வைத்தாலும் பதிவை ஒரு முறை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கேட்டுப் பாருங்கள், மோனோவில் மெலிந்துபோனால் இடத்தை மாற்றுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள்தானே அதிகம்.

ஒரே மைக் வைத்திருப்பவருக்கும் அகலம் கிடைக்கும். ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடது, ஒன்றை வலது பக்கம் தள்ளுங்கள். நகல் எடுத்து ஒட்டினால் ஆகாது, உண்மையிலேயே இரண்டு முறை வாசிக்க வேண்டும். தாளம் எவ்வளவு தடுமாறுகிறது என்பது அன்றைக்குத் தெரியும்.

பாடிக்கொண்டே வாசிக்கிறேன், ஒரே மைக்கில் எடுக்கலாமா?

எடுக்கலாம். வாய்க்கும் கிட்டாருக்கும் நடுவில், நெஞ்சு உயரத்தில், இரண்டு சாண் தள்ளி வையுங்கள். குரல் அமுங்கினால் மைக்கை மேலே ஏற்றுங்கள், கிட்டார் அமுங்கினால் கீழே இறக்குங்கள், அதுதான் உங்கள் மிக்ஸர். பிறகு ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, தப்பானால் மறுபடி முழுசாகப் பாட வேண்டும். அதில் ஒரு சுகமும் இருக்கிறது.

என் கிட்டாரில் பிக்கப் இருக்கிறது. அதை நேரே சொருகினால்?

மேடைக்குச் சரி. பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பியெசோ பிக்கப் மரத்தின் காற்றோசையை எடுக்காது, தந்தியின் அழுத்தத்தைத்தான் எடுக்கும், அதனால் ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் ஒரு 'க்வாக்' இருக்கும். மைக்கோடு சேர்த்துப் பின்னணியில் கொஞ்சமாகக் கலக்கலாம்.

கெயின் எவ்வளவு வைப்பது?

பதிவு மென்பொருளின் அமைப்பில் 24 பிட் என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டின் மிக ஓங்கிய இடத்தை வாசித்து, மீட்டர் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். சிவப்பைத் தொடவே கூடாது. ரெக்கார்டிங் என்றதும் எல்லோரும் ஒத்திகையைவிட ஓங்கித்தான் அடிப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி.

பழைய மைக், செகண்ட் ஹேண்டு வாங்கலாமா?

டைனமிக் தாராளமாக, ஆனால் எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டுக்கும் போலிகள் கொட்டிக் கிடக்கின்றன. நம்ப முடியாத விலை என்றால் நம்பாதீர்கள். கண்டென்சர் என்றால் நேரில் போய், ஹெட்ஃபோனில், ஒரு நிமிடம் எதுவும் வாசிக்காமல் அமைதியை மட்டும் கேளுங்கள். எண்ணெய் பொரிவதுபோல் 'பட் பட்' என்று விட்டு விட்டு வந்தால் ஈரம் உள்ளே புகுந்த மைக், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், அந்த மாவுத்தூசு வலைக்குள் போய்விடும். பதிவு முடிந்ததும் முதலில் ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைத்து, 48 வோல்ட் பொத்தானை அணைத்து, அரை நிமிடம் விட்டுக் கழற்றுங்கள். ஸ்டாண்டிலேயே நாள்கணக்கில் விட வேண்டியிருந்தால் மேலே ஒரு ஜிப் கவரைக் கவிழ்த்து வையுங்கள், தூசும் பல்லியும் அண்டாது.

எல்லாம் சொன்னபடி செய்தும் மந்தமாகவே இருக்கிறது. அடுத்த மைக் வாங்கட்டுமா?

தந்தி மாற்றி எத்தனை மாதம் ஆகிறது? புதுத் தந்தி ஒரு செட் போட்டு, இரண்டு நாள் வாசித்துப் பழக்கி, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூனரில் சரிபார்த்துவிட்டு, அதே மைக்கில், அதே இடத்தில் மறுபடி ஒரு முறை பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். அப்புறம் பேசலாம்.